வெத்திலை போடாத உதடு

போன மாதம் ஒரு இளம் தாதி எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குறிப்பு அனுப்பியிருந்தாள். பெடியன்களும் பெட்டைகளும் சேர்ந்து பரந்தன் சந்தியிலிருந்து முல்லைத்தீவுக் கடற்கரை வரைக்கும் சைக்கிள் பவனி ஒன்று போகப்போகிறார்களாம். வெளிக்கிட முன்னர் அவர்களுக்கு வாசித்துக்காட்ட ஒரு சுகாதாரக் குறிப்பு வேண்டுமாம். அதை எழுதும் வேலை இவளுடைய தலையில் விழுந்திருக்கிறது. “அன்ரி, ஒருக்காப் பாத்துத் திருத்தித் தாங்கோ” என்று கீழே போட்டிருந்தாள்.

பார்த்தேன். தண்ணீர் இருந்தது, தலைக்கவசம் இருந்தது, கறுப்புக் கண்ணாடி, முழுக்கைச் சட்டை, முகத்துக்குப் பூசும் வெயில் களிம்பு, முழங்கால் நோவுக்குத் தைலம் எல்லாம் இருந்தது. உதட்டைப் பற்றி மட்டும் ஒரே ஒரு வரி. “உதடு வறண்டால் தேங்காயெண்ணெய் பூசலாம், வெற்றிலை, புகையிலையைத் தவிர்க்கவும்.”

எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. உடனே போன் எடுத்தேன்.

“பிள்ளை, தேங்காயெண்ணெய் வெயிலைத் தடுக்குமெண்டு உனக்கு ஆர் படிப்பிச்சது?”

“எல்லாரும் பூசிறதுதானே அன்ரி.”

“அப்பளமும்தான் எண்ணெய்க்குள்ள கிடக்குது. அது அதுக்குள்ள சுகமாவே இருக்குது?”

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. “அப்ப நீங்களே எழுதித் தாங்கோவன்” என்றாள். அவள் கேட்டது நாலு வரிதான். ஆனால் அந்த வெற்றிலை வரி என்னை இருக்கவிடவில்லை. சைக்கிள் ஓடி உதடு கெட்ட ஒரு மனுசியை, வெத்திலை போட்டுக் கெட்டவள் என்று ஊரே முத்திரை குத்தியதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். அந்தக் கோபம் ஓய்வு பெற்ற பிறகும் ஓயவில்லை. ஆகவே நாலு வரியோடு நிற்க முடியாது.

நான் தாதியாக இருந்தவள். படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. யாழ்ப்பாணத்தில் படித்தேன், கட்டில் விரிப்பைச் சுருக்கமில்லாமல் விரிக்கவும், நோகாமல் ஊசி போடவும், பெரிய மிசிமாரிடம், அதாவது மூத்த தாதிமாரிடம், வாய் திறக்காமல் ஏச்சு வாங்கவும் பழகினேன். நியமனம் வன்னிக்குக் கிடைத்தது. கொஞ்சக் காலத்தில் மாற்றம் எடுத்துக்கொண்டு வந்துவிடு என்று வீட்டில் சொன்னார்கள். ஓய்வு பெறும்வரை இங்கேதான் நின்றேன். யுத்தத்தில் ஆஸ்பத்திரி இடம்பெயர்ந்தபோது அதோடு நானும் இடம்பெயர்ந்தேன். செட்டிகுளம் அகதி முகாமில் கூடாரத்துக்குள் நின்றும் காயம் கட்டியிருக்கிறேன். அதையெல்லாம் எழுதுவதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் எழுத உட்கார்ந்தது உதட்டைப் பற்றி.

கடைசி வருஷங்களில் என்னைப் பல் கிளினிக்கில் போட்டார்கள். பல் கிளினிக் என்று சனம் சொல்லும். உண்மையில் வாய், தாடை, முகம் எல்லாம் பார்க்கிற இடம். எந்த ஆஸ்பத்திரி என்று நான் சொல்லப்போவதில்லை. அங்கே இருந்த டொக்டர் நெட்டையான, கதை குறைந்த மனுசர். கோபம் வந்தால் அவருடைய குரல் உயராது, இறங்கும். நாங்கள் கிட்டப் போய்க் காதைக் கொடுத்து நின்றுதான் ஏச்சு வாங்க வேண்டும். முதல் மாதம் எனக்கு அந்த மனுசரைப் பிடிக்கவே இல்லை.

மற்ற டொக்டர்மார் “வாயைத் திறவுங்கோ” என்று தொடங்குவார்கள். இவர் “வாயை மூடுங்கோ” என்று தொடங்குவார். பல் நோவோடு கன்னத்தைப் பொத்திக்கொண்டு வந்த சனம் திகைத்துப்போய் என்னைப் பார்க்கும். மூடுங்கோ என்று நானும் சைகை காட்டுவேன். கதிரை யன்னல் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். பெரிய விளக்கைப் போட விடமாட்டார். பகல் வெளிச்சத்தில்தான் உதட்டின் உண்மை நிறம் தெரியும் என்பார். நான் காயம் கட்டுகிற கோஸ் துணியைத் தண்ணீரில் நனைத்து உதட்டை ஒற்றி எடுக்க வேண்டும். தேய்க்கக்கூடாது, தேய்த்தால் சிவந்துபோகும். எண்ணெய், உதட்டுச்சாயம், வெத்திலைக் கறை, களிம்பு எதுவும் மிஞ்சக்கூடாது. பிறகு உதடு தானாகக் காயும்வரை மூவரும் பேசாமல் இருக்க வேண்டும்.

அதன்பிறகு குனிந்து, உதடும் தோலும் சந்திக்கிற கோட்டைப் பார்ப்பார். ஒரு கடைவாயிலிருந்து மற்றக் கடைவாய்வரை, அவசரமே இல்லாமல் பார்ப்பார். “இந்தக் கோடு வயல் வரம்பு மாதிரித் தெளிவா இருக்கவேணும் மிசி. வெயில் பட்டுப் பட்டு அது கரைஞ்சுபோகும்” என்று எனக்குக் காட்டித் தந்தார். வரம்பு எங்கே கலங்கியிருக்கிறது, எங்கே வெள்ளையாகத் திட்டுப் படர்ந்திருக்கிறது, எங்கே செதில் உரிகிறது, எந்த வெடிப்பு ஆறாமல் திரும்பத் திரும்ப இரத்தம் கசிகிறது என்று பார்த்துவிட்டுத்தான் கை வைப்பார். இரண்டு பெருவிரலாலும் கீழுதட்டை மெல்ல வெளியே புரட்டுவார். கடைசியாகப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் உதட்டைப் பிடித்துக்கொண்டு அங்குலம் அங்குலமாகத் தடவிப் போவார். மெத்தென்று இருக்க வேண்டிய உதட்டுக்குள் அரிசிமணி போல ஏதாவது தட்டுப்பட்டால் அந்த இடத்தில் விரல் நின்றுவிடும்.

“ஏன் டொக்டர் எப்பவும் கீழ்ச் சொண்டையே பாக்கிறனீங்கள்?” என்று ஒருநாள் கேட்டேன். எங்கள் பக்கத்தில் உதட்டைச் சொண்டு என்றுதான் சொல்வோம்.

“மேல் சொண்டுக்கு மூக்குக் குடை பிடிக்குது. கீழ்ச் சொண்டுக்கு ஆர் பிடிக்கிறது?” என்றார்.

அவர் கேட்கிற கேள்விகளும் வேறு விதம். என்ன வேலை, எதில் போகிறீர்கள், எந்தத் திசையில், எத்தனை மணிக்கு என்று கேட்பார். வெத்திலை போடுவீர்களா என்ற கேள்வி கடைசியில்தான் வரும். அதற்கும் காரணம் கேட்டேன். “முதல்லயே கேட்டா, ஓம் எண்டு சொன்னவுடன மிச்சத்தைத் தேடமாட்டன். இல்லை எண்டு சொன்னா நம்பமாட்டன்” என்றார். அன்றைக்குத்தான் எனக்கு அந்த மனுசரைப் பிடித்தது.

எங்கள் கிளினிக்குக்கு வந்த ஒரு தபால்காரரை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வரும். அவர்மேல் அல்ல. நாள் முழுக்கச் சைக்கிளில் திரிகிற மனுசர். கீழுதடு முழுக்கச் செதில், ஆனால் கட்டி இல்லை, காப்பாற்றக்கூடிய நிலை. வெயில் தடுக்கிற உதட்டுக் களிம்பு ஒன்றைப் பூசச் சொல்லி டொக்டர் அனுப்பினார். சில மாதம் கழித்து இன்னும் மோசமாக வந்து இருக்கிறார்.

“பூசினீங்களோ?”

“ரெண்டு நாள் பூசினனான் டொக்டர். தபால் கந்தோரில பெடியள் லிப்ஸ்டிக் போடுறன் எண்டு பகிடி பண்ணுறாங்கள். தெருவில சின்னப்பெடியள்கூடச் சிரிக்கிறாங்கள். விட்டிட்டன்.”

டொக்டர் எழும்பினார். தன்னுடைய சட்டைப்பையிலிருந்து அதே மாதிரிக் களிம்புக் குழாயை எடுத்தார், கதவைத் திறந்தார், வெளியே வாங்கில் குந்தியபடி காத்திருந்த அவ்வளவு சனத்துக்கும் முன்னால் நின்று தன் உதட்டில் வடிவாகப் பூசினார். “இனி என்னையும் பாத்துச் சிரிக்கச் சொல்லுங்கோ” என்று தபால்காரரிடம் சொல்லிவிட்டு உள்ளே வந்தார். அவரே ஒருமுறை, சைக்கிளில் வெளிவேலை செய்கிறவர்களுக்கு இந்தக் களிம்பு தரவேண்டும் என்று மேலிடத்தில் கேட்டும் பார்த்தார். அழகுசாதனப் பொருட்கள் வழங்க வழியில்லை என்று பதில் வந்தது. வெயிலில் வெந்த உதட்டுக்குப் பூசுவது அழகாம்! இதைத் தீர்மானித்த ஆட்கள் குளிரூட்டிய அறைக்குள் இருந்துதான் தீர்மானித்திருப்பார்கள். அவர்கள் எல்லாரையும் ஒரு சித்திரை மாதத்து மத்தியானம் சைக்கிளில் ஏற்றி விசுவமடு வரைக்கும் மிதிக்க விட்டிருக்க வேண்டும்.

இனித் தவமலரின் கதைக்கு வருகிறேன்.

தவமலர் முன்பள்ளி ஆசிரியை. வீடு பரந்தனில், முன்பள்ளி விசுவமடுவில் தெருவிலிருந்து உள்ளே போகிற ஒரு ஒழுங்கையில். பஸ் நேரத்துக்கு வராது, வந்தாலும் தெருவில்தான் இறக்கிவிடும். இளவயதிலிருந்தே எல்லாவற்றுக்கும் சைக்கிள்தான். இந்தத் தெருவைத் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பரந்தனிலிருந்து முரசுமோட்டை, தர்மபுரம் தாண்டி விசுவமடுவுக்குப் போகிற தெரு கிழக்கே போகிறது. காலையில் போகும்போது சூரியன் நேரே முகத்தில். பிள்ளைகளை அனுப்பி, கூட்டிக் கழுவி, வராத பிள்ளைகளின் வீடுகளுக்கும் போய்விட்டு அவர் வெளிக்கிட இரண்டு இரண்டரை ஆகிவிடும். அப்போது மேற்கே மிதிக்க வேண்டும். அதே சூரியன் மறுபடியும் முகத்தில், இந்தமுறை நெருப்பாக. நிழலுக்கு மரங்களும் அந்தக் காலத்தில் மிச்சமில்லை. எதிர்க்காற்றுக்கு மிதிக்கும்போது வாய் தானாகத் திறக்கும், உதடு காயும், நாக்கால் நனைப்போம், நனைக்க நனைக்க இன்னும் காயும்.

ஆரம்பத்தில் சால்வையால் வாயைக் கட்டிக்கொண்டுதான் ஓடினாராம். ஆனால் அப்போது தெருவில் ஒன்றுக்குப் பின் ஒன்றாகச் சென்றி, ஆமிக்காரரின் காவலரண். ஒவ்வொரு சென்றியிலும் இறங்கி, முகத்தைக் காட்டி, திரும்பக் கட்டி, ஏறி, அடுத்த சென்றியில் மறுபடி அவிழ்த்து. வாயைக் கட்டிக்கொண்டு வருகிறவரை ஒரு மாதிரிப் பார்த்தார்கள், கைப்பையைக் கொட்டிப் பார்த்தார்கள். கொஞ்ச நாளில் சால்வையை விட்டுவிட்டார். சென்றி போன பிறகும் கட்டுகிற பழக்கம் திரும்ப வரவில்லை.

கீழுதட்டின் இடப்பக்கத்தில் ஒரு வெடிப்பு வந்தது. ஆறும், திரும்ப வெடிக்கும். தேங்காயெண்ணெய், நெய், பாலாடை எல்லாம் பூசிப் பார்த்தாயிற்று. கடைசியில் எங்கள் ஆஸ்பத்திரியின் வெளிநோயாளர் பிரிவுக்கு வந்தார். அங்கே சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு படம்: வெத்திலை, பாக்கு, புகையிலை, குறுக்கே சிவப்புக் கோடு. அந்தப் படத்துக்குக் கீழே இருந்துதான் எல்லாரும் மருந்து எழுதுவார்கள்.

“வெத்திலை போடுறனீங்களோ?”

“இல்லை டொக்டர்.”

“பொய் சொன்னா எப்பிடி மருந்து தாறது? எல்லாரும் முதல்ல இல்லை எண்டுதான் சொல்லுறவை.”

வரிசையோ வாசல்வரை நின்றது. வாய்ப்புண்ணுக்குப் பூசுகிற ஊதா மருந்தைக் கொடுத்து, வெத்திலையை விடச் சொல்லி அனுப்பினார்கள். அந்த மருந்தை இலங்கையில் தெரியாதவர்கள் இல்லை. பூசினால் கையில், சட்டையில், தலையணையில் எல்லாம் பிடிக்கும், கழுவினாலும் போகாது. வெடித்து இரத்தம் கசிந்த உதட்டில் அது காய்ந்தபோது என்ன நிறம் வந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வெத்திலையே வாழ்க்கையில் போடாத மனுசிக்கு, வெத்திலை போட்டுப் போட்டுக் கறுத்த வாயை ஆஸ்பத்திரி பூசி அனுப்பியது.

முன்பள்ளிப் படலை வாசலில் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்ட தாய்மார் பார்த்தார்கள். ஒருத்தி மற்றவளுக்குச் சொன்னாள். வீட்டில் தவமலரின் தாய், மகள் குளிக்கப் போன நேரம் கைப்பையைக் கிளறிப் பாக்குத் தேடியிருக்கிறார். ஒரு கிழமைக்குள் நிர்வாகசபையிலிருந்து சொல்லி அனுப்பினார்கள்: ரீச்சர் வெத்திலைப் பழக்கத்தை விட்டுச் சுகமான பிறகு வந்தால் போதும், சின்னப் பிள்ளைகள் பார்த்துப் பழகிவிடும். பத்து வருஷத்துக்கு மேலாக அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்த மனுசியை இப்படி ஒரு வாய்ச்சொல்லில் வீட்டில் இருத்தினார்கள். நேரே வந்து கேட்க ஒருத்தருக்கும் வாய் வரவில்லை.

தவமலர் எங்கள் கிளினிக்குக்கு வந்தபோது முகக்கவசம் போட்டிருந்தார். கொரோனா முடிந்து சனம் எல்லாம் கழற்றி எறிந்த காலம் அது.

“இருங்கோ. அதைக் கழட்டிப்போட்டு வாயை மூடுங்கோ” என்றார் டொக்டர்.

கழற்றினார். டொக்டர் பார்த்தார். “ஆர் இந்த ஊதா பூசினது?”

“இங்கதான் டொக்டர். முன்னால, வெளிநோயாளர் பிரிவில.”

டொக்டரின் குரல் இறங்கியது. “மிசி, துடையுங்கோ.”

அந்த ஊதாவை எடுக்க எனக்கு வெகு நேரம் பிடித்தது. ஒற்றி ஒற்றி எடுத்தேன். என்னுடைய கையில் தலையைத் தந்துவிட்டு அவர் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். கண்ணீர் காதுப்பக்கம் ஓடியது. நோகிறதா என்று கேட்டேன், இல்லை என்று தலையாட்டினார்.

டொக்டர் தன்னுடைய கேள்விகளைத் தொடங்கினார்.

“என்ன வேலை?”

“முன்பள்ளி ரீச்சர்.”

“எதில போறனீங்கள்?”

“சைக்கிளில. பரந்தனில இருந்து விசுவமடுவுக்கு.”

“காலமை போகேக்க வெயில் எங்க?”

“முகத்தில.”

“திரும்பி வரேக்க?”

தவமலர் கண்ணைத் திறந்தார். “அதுவும் முகத்திலதான் டொக்டர்.”

“இடையில எப்பவாவது சுகமா இருந்ததோ?”

“கொரோனாக் காலத்தில முன்பள்ளி திறந்து மாஸ்க்கோட ஓடினனான். அப்ப நல்லா ஆறி இருந்தது. மாஸ்க் கழட்டினாப் பிறகு திரும்ப வந்திட்டுது.”

டொக்டர் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு உதட்டைப் புரட்டித் தடவிக்கொண்டு போனார். இடப்பக்கத்தில் விரல் நின்றது. அவர் அந்த இடத்தை மூன்று தரம் தொட்டுப் பார்த்ததை நான் கண்டேன். கடைசிக் கேள்வியை அவர் கேட்கவே இல்லை. தவமலர்தான் தாங்காமல், “டொக்டர், நான் வெத்திலை போடுறேல்லை” என்றார்.

“தெரியும்” என்றார் டொக்டர். “கன்னத்துக்குள்ள, பல்லில, நாக்கில ஒரு அடையாளமும் இல்லை. அந்தச் சுவரில இருக்கிற படம் பொய்யில்லை பாருங்கோ. வெத்திலையும் பாக்கும் புகையிலையும் வாயைத் தின்னும், நானே கனபேருக்கு வெட்டியிருக்கிறன். ஆனா சொண்டைக் கெடுக்க வெயிலாலயும் ஏலும். எங்கட தோலில இருக்கிற கறுப்பு கொஞ்சம் காவல். சொண்டில அந்தக் காவல் குறைவு.”

அடுத்த கிளினிக் நாளில் சின்னத் துண்டொன்று எடுத்தோம். உதடு மரத்துப்போக விறைப்பு ஊசி போட்டு, நான் உதட்டை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்க, கட்டியும் நல்ல சதையும் சேர்கிற ஓரத்தில் எடுத்து, ஒரு தையல் போட்டார். போத்தலில் போட்டுப் பரிசோதனைக்கு அனுப்பினோம். புற்றாக மாறத் தொடங்கிவிட்ட இடம் என்று முடிவு வந்தது. தொடக்கம்தான், கழுத்தில் நெறி கட்டவில்லை, வெட்டினால் போதும். தொடக்கத்திலேயே பிடித்தது எங்களுடைய கெட்டித்தனம் என்று நான் சொல்லமாட்டேன். முதல் தரம் வந்த அன்றே பிடித்திருக்கலாம். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் உதட்டோடு முடிந்திருக்காது.

கீழுதட்டின் இடப்பக்கத்தில் ஒரு துண்டை வெட்டி எடுத்துத் தைத்தார். வாய் கொஞ்சம் சிறுத்துப்போயிற்று, ஒரு பக்கம் இழுத்தது. ப, ம என்ற எழுத்துக்கள் சொல்ல வரவில்லை. உதடு மூடவேண்டிய எழுத்துக்கள் அல்லவா. “அம்மா எண்டு சொல்லிக் குடுக்க ஏலாத ரீச்சர்” என்று தானே தன்னைப் பகிடி பண்ணினார். ஆஸ்பத்திரி நோயாளர் விடுதியில் இருந்து சுவரைப் பார்த்து அம்மா, அப்பா, பப்பாசி என்று சொல்லிப் பழகினார். நான் மருந்து கட்டப் போகும்போது எனக்கும் சொல்லிக்காட்டுவார்.

இங்கே அந்த இளம் தாதிக்காக, டொக்டர் தவமலருக்குச் சொன்னதை அப்படியே எழுதிவிடுகிறேன். வெயில் தடுக்கிறது என்று குழாயில் போட்டிருக்கிற உதட்டுக் களிம்பைத்தான் வாங்க வேண்டும், எஸ்.பி.எஃப். முப்பதுக்குக் குறையக்கூடாது, பளபளப்புக்கும் வாசத்துக்கும் விற்கிறது உதவாது, எண்ணெயும் வஸ்லீனும் வெயிலைத் தடுக்காது. வெளிக்கிட முன்னமே பூச வேண்டும். தண்ணீர் குடித்தால், வாய் துடைத்தால், வேர்த்து வழிந்தால் திரும்பப் பூச வேண்டும். இல்லாவிட்டாலும் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை பூச வேண்டும். உதட்டை நாக்கால் நனைக்காமல் தண்ணீரைக் குடியுங்கள். அகலமான விளிம்புத் தொப்பி, அதோடு வாயை மூடி ஒரு துணி. களிம்பு வாங்க வழியில்லாதவர்களுக்குத் துணியாவது வேண்டும். மத்தியான வெயிலைத் தவிர்க்க முடியுமென்றால் தவிருங்கள். மூன்று கிழமையாக ஆறாத புண், உரிந்துகொண்டே இருக்கிற இடம், தடித்த இடம் என்று எது இருந்தாலும் காட்டுங்கள். வெத்திலை போடுகிறவர்களும் காட்டுங்கள், போடாதவர்களும் காட்டுங்கள்.

தையல் பிரித்த பிறகு முன்பள்ளியில் கூட்டம் வைத்தார்கள், ரீச்சரை எடுப்பதா விடுவதா என்று தீர்மானிக்க. தவமலர் என்னை வரச் சொன்னார். டொக்டரிடம் கேட்டேன். “போங்கோ மிசி. நான் சொன்னனான் எண்டு சொல்லுங்கோ, சொண்டில என்ன வருத்தம், அது எதால வந்தது எண்டு விளங்கப்படுத்துங்கோ” என்றார். வேண்டுமென்றே வெள்ளைச் சீருடையோடேயே போனேன்.

பிள்ளைகளின் குட்டிக் கதிரைகளில் பெற்றார் எல்லாரும் முழங்கால் நாடியில் முட்ட இருந்தார்கள். நிர்வாகசபைத் தலைவருக்கு மட்டும் பெரிய கதிரை. விசுவமடுவில் வயலும் ஒரு பலசரக்குக் கடையும் வைத்திருக்கிற மனுசர். ஒரு கன்னம் புடைத்திருந்தது. எனக்குச் சந்தேகமே இல்லை. பல் கிளினிக்கில் வருஷக்கணக்காக நின்றவள் நான், அது வெத்திலை. அந்த வாயோடுதான் கூட்டத்தைத் தொடங்கினார்.

நான் எழும்பிச் சொன்னேன். வெயில் என்றேன், தெருவின் திசையைச் சொன்னேன், முகக்கவசம் போட்ட காலத்தில் ஆறியதைச் சொன்னேன், ஊதா மருந்து எங்கள் ஆஸ்பத்திரி கொடுத்தது என்றும் சொன்னேன்.

தலைவர் சிரித்தார். “மிசி, மாஸ்க் போட்டா வெத்திலை துப்ப ஏலாதுதானே. அதால போடாம விட்டிருப்பா, அதுதான் ஆறியிருக்கும்.”

சில பேர் தலையாட்டினார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் மறுத்துச் சொல்ல வாயெடுத்தேன். அவர் கையை உயர்த்தி, பெருந்தன்மையோடு தீர்ப்புச் சொல்கிறவர் போல, “சரி, நடந்தது நடந்திட்டுது. வருத்தக்காரியை வேலையால நிப்பாட்டினம் எண்ட கதை எங்களுக்கு வேண்டாம். இனி வெத்திலை போடமாட்டன் எண்டு ரீச்சர் பெற்றாருக்கு முன்னால ஒரு சொல் சொல்லட்டும். நாளைக்கே வரட்டும்” என்றார்.

ஒரு சொல்தான். சொன்னால் வேலை கிடைக்கும், வேலை கிடைத்தால் வீட்டில் அடுப்பு எரியும். சொல்லிவிட்டு வா என்று ஒரு கணம் எனக்கே தோன்றியது. தவமலர் எழும்பினார். முகக்கவசத்தைக் கழற்றினார். தையல் தழும்பு இன்னும் சிவந்திருந்தது, வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. முன்வரிசையில் ஒரு தாய் சட்டென்று கீழே பார்த்தாள்.

“போடாததை எப்பிடி விடுறது?” என்றார் தவமலர். நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக, பகரத்துக்கும் மகரத்துக்கும் உதட்டைச் சிரமப்பட்டு மூடிப் பேசினார். “நான் ஒருநாளும் வெத்திலை போட்டதில்லை. உங்கட பிள்ளையளிட்ட வாறதுக்குச் சைக்கிள் ஓடினனான். அதால வந்தது இது.”

தவமலர் தலைவர் பக்கம் திரும்பினார்.

“வேலை வேணும் எனக்கு. அதுக்காகப் பொய் சொல்லமாட்டன். ரீச்சர் வெத்திலை போடுறா எண்டு சொல்லி அனுப்பினது நீங்கள்தான், தலைவர். அவா போடேல்லை எண்டும் நீங்களே சொல்லுங்கோ. இப்ப, இவை எல்லாருக்கும் கேக்கச் சொல்லுங்கோ. சொன்னா நாளைக்கு வாறன்.”

தலைவர் என்னைப் பார்த்தார். நான் அவருடைய கன்னத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அங்கே இருந்த கண் எல்லாம் மெல்ல மெல்ல அந்தக் கன்னத்துக்குத்தான் வந்தது. அவர் எழும்பி வெளியே போனார், வேலியோரம் துப்பினார், கிணற்றடியில் வாய் கொப்பளித்தார். அந்தச் சத்தம் உள்ளே இருந்த எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

திரும்பி வந்து கதிரையில் இருக்கப் போனார். தவமலர் இருக்கவில்லை என்பதைக் கண்டு தானும் நின்றார். “ரீச்சர் வெத்திலை போடேல்லை. நாங்கள்தான் பிழையா நினைச்சிட்டம்” என்றார், நிலத்தைப் பார்த்துக்கொண்டு.

“பின்னுக்கு இருக்கிற ஆக்களுக்குக் கேக்கேல்லை” என்றார் தவமலர்.

அவர் நிமிர்ந்து, இன்னொரு முறை உரத்துச் சொன்னார்.